ஸ்டெர்ன்டிரைவ்ல கியர் தேஞ்சிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்க ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் படகுக்குள்ளயும், கியர்பெட்டியும் புரப்பல்லரும் பின்பக்கம் வெளியவும் இருக்குற அமைப்பு) மெர்க்ரூசர் கம்பெனி ஆல்ஃபா மாடல், முன் கியர் போட்டு வேகம் குடுத்தா டக்கு டக்குனு விடுது, ஆயிலும் மோர் மாதிரி வருது, கியர் செட் மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க.

அண்ணாச்சி, செட்டுக்கு இப்பவே பணம் கட்டிறாதீங்க. நான் உவரியில அவுட்போர்டு மோட்டார் வேலை பாக்கேன், கூட்டப்பனை, கூடுதாழை, கூத்தங்குழி வள்ளக்காரங்கல்லாம் நம்மகிட்டதான் வருவாவ. ஸ்டெர்ன்டிரைவ் நம்ம கரையில அபூர்வம், ஆனா கொச்சியில ஒரு யார்டுல மூணு வருசம் அதைத்தான் கழட்டிப் பூட்டிக்கிட்டு இருந்தேன். உங்க ஆல்ஃபாவுக்கும் இங்க உள்ள அவுட்போர்டுக்கும் கீழ்ப்பெட்டி ஒரே மாதிரிதான், மேல இருந்து வர்ற ஷாஃப்ட்டு நுனியில பினியன்ங்கிற சின்னப் பல்சக்கரம், அதோட எப்பவும் கோத்துக்கிட்டே சுத்துற முன் கியர், பின் கியர், நடுவுல டாக் கிளட்ச்சுங்கிற பல்லு வச்ச வளையம் நகந்து எதைப் பிடிக்கோ அந்தப் பக்கம் படகு போகும். மெர்க்ரூசரோட பிராவோ மாடல்லயும் வால்வோ பென்டா கம்பெனியோட பல டிரைவுலயும் மேல்பெட்டிக்குள்ள கூம்பு மாதிரி உரசிப் பிடிக்கிற கோன் கிளட்ச், அதுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

மொதல்ல ஆயிலைப் பாருங்க. படகை ராத்திரி முழுக்க ஆட்டாம விட்டுட்டு, விடியக்காலம் டிரைவை நேரா இறக்கி வச்சு, கீழ் ஸ்க்ரூவை ஒரு அரைச்சுத்து மட்டும் தளத்துங்க. தண்ணி கனம், அடியில தங்கும், அதனால மொதல்ல சொட்டுறது தண்ணியாத்தான் இருக்கும். ஆயிலோட நல்லா கலந்துட்டா பிரியாது, வெள்ளையாவே வரும். ரெண்டுமே சீல் போனதுக்கு அடையாளம். அப்புறம் அந்த ஸ்க்ரூவை முழுசா கழட்டி நுனியில இருக்குற காந்தத்தைப் பாருங்க, விரலுக்கிடையில தேச்சா மை மாதிரி வழுக்குற சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தா பயப்பட வேண்டாம், அது எல்லா டிரைவுலயும் இருக்கும். செதிள் செதிளா, ஊசி மாதிரி, பல்லு ஒடஞ்ச துண்டா இருந்தா பெட்டியைப் பிரிக்காம முடியாது. காந்தத்துல ஒட்டாத வெள்ளிப் பொடி வந்தா அது அலுமினியம், பேரிங் இருந்த இடத்துல நிக்காம சுத்தி கூட்டையே தின்னுக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு, ஆல்ஃபாவுல மேல்பெட்டிக்கும் கீழ்ப்பெட்டிக்கும் ஆயில் ஒண்ணுதான், மேல தேஞ்ச இரும்பும் கீழதான் வந்து சேரும், அதனால கீழ ஸ்க்ரூவுல துகளைப் பாத்தவுடனே கீழ் கியருதான்னு முடிவு பண்ணிறாதீங்க. ஆறு நட்டைக் கழட்டி டிரைவை இறக்கி, இன்ஜின் சுத்தை டிரைவுக்குக் கடத்துற யூ ஜாயின்டைக் கையால மெதுவா சுத்திப் பாத்தா மேல்பெட்டி சொரசொரப்பு கையிலயே தெரிஞ்சிரும்.

சத்தத்தை வச்சும் பிரிக்கலாம். நேரா போகும்போது வேகம் ஏத்த ஏத்த ஊளையிட்டா கியர், ஸ்டியரிங் திருப்பினா மட்டும் உறுமினா டிரைவுக்குள்ள போற ஷாஃப்ட்டைத் தாங்குற கிம்பல் பேரிங் இல்லாட்டி யூ ஜாயின்ட்.

டக்குனு விடுறது டாக் கிளட்ச் மூலை மழுங்கினதாலயும் இருக்கலாம், கியரை மெதுவா இழுத்து இழுத்துப் போடுதாவ பாருங்க, அதுல மழுங்கும், ஐடில்ல வச்சு ஒரே தட்டுல போடணும். ஆனா அதுக்கு முன்னாடி ஷிஃப்ட் கேபிளைப் பாத்துக்கிடுங்க, கேபிள் இறுகி முழுசா நகராம இருந்தாலும் இதே மாதிரிதான் விடும், கேபிளுக்கும் கியர் செட்டுக்கும் விலை வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியாம கியர் மாத்துறதுதான் பெரிய தப்பு, நானே பண்ணியிருக்கேன். கூத்தங்குழி அண்ணாச்சி ஒருத்தர் 9.9 ஹெச்பி மோட்டாருக்கு முன் கியரும் பினியனும் புதுசா வாங்கிட்டு வந்தாவ, வீட்டுல அக்கா சங்கிலியை அடகு வச்ச காசு. நான் கியரை மாட்டி, ஆயில் ஊத்தி அனுப்பிட்டேன். ரெண்டு மாசத்துல திரும்பி வந்துச்சு, ஆயில் வெள்ளை, புதுப் பல்லுல துருக் குழி. புரப்பல்லரைக் கழட்டிப் பாத்தா உள்ள மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பு சுத்திக்கிடந்து சீல் ரப்பரை அறுத்திருக்கு. அன்னைக்குப் புரப்பல்லருக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்திருந்தா ஒரு சீலோட முடிஞ்சிருக்கும். ரெண்டாவது செட்டை என் காசுல வாங்கிப் போட்டேன், அந்த அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லல, அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால புரப்பல்லர் ஷாஃப்ட்டு சீல், மேல ஷாஃப்ட்டு சீல், ரெண்டு ஸ்க்ரூவோட வாஷர் மூணையும் பாத்துட்டு, ஆயில் வடிச்ச காலிப் பெட்டியில கைப்பம்புல லேசா காத்து ஏத்தி சோப்புத்தண்ணி தடவிப் பாருங்க, முட்டை விடுற இடம்தான் ஓட்டை. ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாத்தான் ஏத்தணும், மேல் ஓட்டையில வழியுற வரைக்கும், மேல இருந்து ஊத்தினா உள்ள காத்து நிக்கும்.

காலையில ஸ்க்ரூவைத் தளத்திப் பாத்துட்டு காந்தத்துல ஒட்டினதை வெள்ளைத்தாள்ல வச்சு வெயில்ல படம் எடுத்துப் போடுங்க, பாத்துச் சொல்லுதேன்.