கூல் டோன் முடிச்சாயம் என்றால் என்ன? எந்தத் தோலுக்கு எது பொருந்தும்?

நீலம், ஊதா, சாம்பல் சாயல் கலந்த முடி நிறங்களைத்தான் கூல் டோன் என்கிறார்கள். செம்பு, பொன் சாயல் இருந்தால் அது வார்ம். நம் கருமுடியை வெளுத்தால் உள்ளே இருக்கும் செம்மஞ்சள் தலைகாட்டும்; சாயத்தில் உள்ள நீலம் அதை அடக்கும். வெள்ளை வேட்டியின் பழுப்பு தெரியாமலிருக்கச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே வேலைதான்.

சரி, யாருக்கு எது? பகல் வெளிச்சத்தில் மணிக்கட்டு நரம்பு நீலமாகத் தெரிந்தால் தோலின் உள்சாயல், அதாவது மேல்நிறத்துக்கு அடியில் தெரியும் சாயல், கூல்; பச்சை என்றால் வார்ம். உள்சாயல் கூல் என்றால் கூல் டோன் எளிதில் பொருந்தும். இது தோராயக் கணக்குதான். நரம்பே தெரியாவிட்டால் வெள்ளி நகை எடுப்பாக இருக்கிறதா, தங்கமா என்று பாருங்கள்; வெள்ளி என்றால் கூல், தங்கம் என்றால் வார்ம்.

கருத்த தோலுக்கு நீலக்கருப்பும் நாவல்பழ நிறமும் அருமையாக இருக்கும். மாநிறத்துக்குச் சாம்பல் சாயல் பழுப்பு. மஞ்சள் சாயல் தூக்கலாக உள்ளவர்களுக்கு வெளிர் சாம்பல் வேண்டாம், முகம் சோர்ந்து தெரியும்.

திருநெல்வேலியில் மார்கழிக் குளிர் கொஞ்ச நாள்தான். அப்புறம் அடிக்கிற வெயிலில் சாம்பல் சாயல் சீக்கிரம் வெளிறி, செம்மை திரும்பிவிடும். அதனால் இங்கே அடர் நிறமே என் தேர்வு.

கருத்த தோல் என்றாலே வார்ம் என்று பலர் நினைக்கிறார்கள். தோலின் கருமை வேறு, உள்சாயல் வேறு, ஒரே நிறத்தில் இருக்கும் அக்கா தங்கைக்குக்கூட அது மாறும்.