அமெரிக்கப் பிரைமரியில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில்), பல ஆண்டுகளாகப் பதவியில் இருக்கும் மிதவாத செனட்டரைப் புதிதாக வரும் பழமைவாதி எப்படித் தோற்கடிக்கிறார்?

கொள்கைச் சண்டையைப் பிறகு பார்க்கலாம். அந்த மாநிலத்துப் பிரைமரியில் யாருக்கு ஓட்டு உண்டு, எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் முதல் கணக்கு. அங்கே கட்சித் தலைமை சீட்டு கொடுப்பதில்லை. வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நவம்பர் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடுபவர்களில் ஒரு பகுதியினர்தான் பிரைமரிக்கு வருவார்கள், அவர்களில் கட்சிப் பற்று முற்றியவர்களே அதிகம். மாநிலம் முழுவதும் செல்வாக்குள்ள ஒருவர் இந்தச் சின்ன வட்டத்துக்குள் தோற்பது இப்படித்தான்.

நல்ல எடுத்துக்காட்டு இண்டியானா, 2012. குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் லூகர் ஆறு முறை செனட்டர், 36 ஆண்டுப் பதவி, வயது 80. எதிர்த்து நின்றவர் அதே கட்சியின் மாநிலப் பொருளாளர் ரிச்சர்ட் மர்டாக். மே 8 அன்று மர்டாக் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார்.

அவர் செய்த சரியான காரியங்களில் முதன்மையானது, சீக்கிரம் தொடங்கியது. 2011 பிப்ரவரியிலேயே களமிறங்கியபோது, மாநிலத்தின் 92 கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) பெரும்பாலானவற்றின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் அவர் பக்கம் இருந்தார்கள். இதனால் இன்னொரு பழமைவாதி நிற்க இடமில்லாமல் போனது. இண்டியானாவில் இரண்டாம் சுற்று கிடையாது, அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் பதவியில் இருப்பவர் 40 சதவீதத்திலேயே தப்பிவிடலாம். செனட் பிரைமரியில் நிற்க ஒன்பது காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் 500 கையெழுத்து வேண்டும் என்பதால், மாநிலம் முழுக்க ஆள் இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

அடுத்தது குற்றப்பத்திரிகை. "இவர் மிதவாதி" என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. குறிப்பிட்ட ஓட்டுகளைக் காட்ட வேண்டும். 2008 வங்கி மீட்பு நிதி, ஒபாமா முன்மொழிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சோட்டோமயோர், கேகன் நியமனங்கள், ரஷ்யாவுடனான புதிய ஸ்டார்ட் அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் லூகர் ஆதரவாக ஓட்டளித்திருந்தார். போதாததற்கு, 1977இல் விற்றுவிட்ட வீட்டு முகவரியிலேயே அவர் வாக்காளராகப் பதிவாகியிருந்தது வெளியே வந்தது. 2012 மார்ச்சில் கவுண்டித் தேர்தல் வாரியம் அந்த முகவரியில் ஓட்டுரிமை இல்லை என்று சொல்ல, பிறகு குடும்பப் பண்ணை முகவரிக்கு மாற வேண்டியதாயிற்று. என் கணிப்பில் ஒப்பந்தங்களைவிட இதுதான் அதிகம் அடித்தது. அணு ஆயுதக் கணக்கு எல்லோருக்கும் புரியாது, "ஊரில் வீடே இல்லை" என்பது புரியும்.

பணம் மூன்றாவது. அந்தத் தேர்தலில் தனிநபர் ஒரு வேட்பாளருக்குப் பிரைமரிக்கென 2,500 டாலர் வரைதான் தர முடியும். அதற்கு மேல் வேண்டிய விளம்பரச் செலவைக் கிளப் ஃபார் க்ரோத் என்ற பழமைவாத அமைப்பு போன்ற வெளி அமைப்புகள் செய்தன. வேட்பாளரோடு கலந்து திட்டமிடக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை.

லூகர் பக்கத்துப் பிழையும் உண்டு. 2006இல் ஜனநாயகக் கட்சி அவரை எதிர்த்து ஆளே நிறுத்தவில்லை. ஆறு ஆண்டு ஓடாத வண்டி அவசரத்துக்குக் கிளம்பவில்லை. இண்டியானாவில் மாற்றுக் கட்சிக்காரர்களும் குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம், ஆனால் காப்பாற்றும் அளவுக்கு அவர்கள் வரவில்லை.

அதே உத்தி 2014இல் மிசிசிப்பியில் கடைசியில் பலிக்கவில்லை. ஜூன் 3 முதல் சுற்றில் கிறிஸ் மெக்டேனியல் 49.5 சதவீதம் வாங்கி, பதவியில் இருந்த செனட்டர் தாட் காக்ரனை மயிரிழையில் முந்தினார். அங்கே அப்போதைய விதிப்படி 50 தாண்டாவிட்டால் மூன்று வாரத்தில் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போடாத எவரும் இதில் போடலாம். காக்ரன் தரப்பு, பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டளிக்கும் கறுப்பின வாக்காளர்களிடம் போய்க் கேட்டது. 60,000க்கு மேல் கூடுதல் ஓட்டு விழுந்தது, காக்ரன் 8,000க்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். மூன்றாவதாக நின்றவர் வாங்கிய ஒன்றரை சதவீதம்தான் மெக்டேனியலின் வெற்றியைத் தின்றது. டெலவேரில் 2010இல் கதவு மூடிய பிரைமரி, கட்சியில் பதிவானவர்கள் மட்டும். செனட் இடத்துக்கு நின்ற மிதவாத மக்களவை உறுப்பினர் மைக் காஸலுக்கு இந்த வழி இல்லை. பழமைவாதி கிறிஸ்டின் ஓடானலிடம் தோற்றார். மாநிலம் முழுக்க விழுந்த ஓட்டே 58,000க்குள்.

பிரைமரியில் ஜெயிப்பதும் பதவிக்கு வருவதும் வேறு. ஓடானல் நவம்பரில் 40 சதவீதத்தோடு தோற்றார். 2012 அக்டோபர் விவாதத்தில் பாலியல் வன்முறையால் உண்டாகும் கருவைக் கடவுள் சித்தம் என்ற பொருளில் மர்டாக் பேசியது பெரும் சர்ச்சையாகி, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னி பத்துப் புள்ளியில் ஜெயித்த இண்டியானாவிலேயே ஏறக்குறைய ஆறு புள்ளியில் இடத்தை இழந்தார்.

தோற்ற மிதவாதி திரும்பி வரக்கூடிய மாநிலமா என்பதையும் பார்க்க வேண்டும். அலாஸ்காவில் 2010இல் ஜோ மில்லரிடம் பிரைமரியில் தோற்ற லிசா மர்கௌஸ்கி, வாக்காளர்கள் தன் பெயரைக் கையால் எழுதும் முறையில் நவம்பரில் ஜெயித்தார். எழுத்துக்கூட்டலைக்கூட விளம்பரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2020இல் அலாஸ்கா விதியையே மாற்றியது. எல்லாக் கட்சியினருக்கும் ஒரே பிரைமரி, முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போவார்கள். 2022இல் டிரம்ப் ஆதரவு பெற்ற கெல்லி ஷிபாகாவால் மர்கௌஸ்கியைப் பிரைமரியிலேயே வெளியேற்ற வழியில்லை. வாக்காளர்கள் வேட்பாளர்களை விருப்பப்படி வரிசைப்படுத்தும் நவம்பர் எண்ணிக்கையில் மர்கௌஸ்கியே வென்றார்.