மார்மன் மிஷனரிகள் சில வாரங்களில் புது மொழி கற்பது நிஜமா?

மார்மன் என்ற கிறிஸ்தவ சபைக்காக ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் மிஷனரிகளுக்கு ஆறேழு வாரத்தில் மொழி வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரளம் வராது, பேசும் துணிச்சல் வரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ப்ரோவோ நகரில் இருக்கும் அவர்களின் பயிற்சி மையத்தில் 50-க்கும் மேற்பட்ட மொழிகள் சொல்லித் தருகிறார்கள். வந்த சில நாளிலேயே அந்த மொழியில் ஜெபம் செய்யச் சொல்வார்கள். இலக்கணம் தடுமாறினாலும் விடமாட்டார்கள். ஆசிரியரே சபைக்குப் புதியவராக நடிப்பார், அவரிடம் உட்கார்ந்து போதிக்க வேண்டும். மனப்பாடம் செய்த வரி தீர்ந்ததும், அவர் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், உண்மையான பாடமே அங்கேதான். ஆசிரியர்களில் பலர் மிஷனரி ஊழியம் முடித்துத் திரும்பிய கல்லூரி மாணவர்கள்.

காலை 6.30-க்கு எழ வேண்டும், இரவு 10.30-க்கு விளக்கணைப்பு. எங்கு போனாலும் துணையாக நியமிக்கப்பட்ட இன்னொரு மிஷனரி கூடவே இருப்பார். படிப்பைவிட இதுதான் சிரமம் என்பேன். துணி துவைக்க, வீட்டோடு பேச வாரத்தில் ஒரு நாள். இப்போது பயிற்சியின் முதல் பகுதி வீட்டிலேயே ஆன்லைனில் தொடங்கிவிடுகிறது.