லண்டனில் டிரைவிங் கற்றுத்தர ஆள் தேடும் தம்பிக்கு

ஊரில் எட்டு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன், லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது, நம்ம தமிழ் ஆளிடமே டிரைவிங் கிளாஸ் போகலாமா, ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். காசு ஏரியாவுக்கு ஏரியா மாறும், நாலு பேரிடம் விசாரியுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பாஸ் பண்ணினால் மேனுவல் ஓட்ட முடியாது, அவ்வளவுதான். ஆள் பிடிக்கிற விஷயத்தில்தான் நான் நன்றாக ஏமாந்தவன்.

முதலில் அவர் காரின் முன்கண்ணாடியைப் பாருங்கள். பச்சை எண்கோண பேட்ஜ் என்றால் தேறினவர். இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் அவரே இன்னும் பயிற்சியில் இருக்கிறார், ஆனால் காசு வாங்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. இது தெரியாமல் 2011-ல் ஈஸ்ட் ஹாமில் நண்பன் சொன்னான் என்று ஒரு அண்ணனிடம் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அவர் பிள்ளையைக் கூட்டிவர, மீன் வாங்க, எல்லாவற்றுக்கும் என் கிளாஸ் நேரத்தில் என்னைத்தான் ஓட்டச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்து ஊர்க்கதை வேறு. கற்றுத்தருகிறவரும் அப்படிப் பேசக்கூடாது என்பது இங்கே சட்டம். டெஸ்ட் எப்போது அண்ணே என்றால், இன்னும் பத்து கிளாஸ் தம்பி!

டெஸ்டில் சின்னத் தப்பு 15 வரை விடுவார்கள், பெரிய தப்பு ஒன்று போதும், ஃபெயில். எனக்கு அது ரவுண்டபவுட்டில், நம்ம ஊர் ரவுண்டானாதான். வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும்; நான் மதுரைக்காரன், மூக்கை நுழைத்தவனுக்கே வழி என்று பழகிய கை. அண்ணன் அதை ஒருநாளும் திருத்தவில்லை.

அடுத்து ஒரு ஜமைக்கா அம்மா. முதல் நாள் வாயே திறக்காமல் என்னை ஓட்டவிட்டு, கடைசியில் ஒரு பக்கம் நிறையத் தப்பு எழுதிக் கொடுத்தார். கண்ணாடியைப் பார்க்கிறாய், பார்த்து என்ன முடிவு எடுத்தாய் என்று கேட்டே கொன்றுவிடுவார். தமிழே தேவைப்படவில்லை. டெஸ்டில் எக்ஸாமினர் ஆங்கிலத்தில்தானே சொல்லப்போகிறார். சாலை விதிகளைக் கேட்கிற தியரி டெஸ்டையாவது அப்போது தமிழில் கேட்டு எழுத முடிந்தது, 2014 ஏப்ரலோடு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம், இந்திய லைசென்ஸிலேயே வருடக்கணக்காக ஓட்டும் வீரர்கள் உங்களுக்கும் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும், உங்களுக்கு ஐந்துதான் மிச்சம். டெஸ்ட் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகும், இன்றைக்கே புரொவிஷனலுக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது தடவை பாஸ். அன்று சாயங்காலம் மீன்கடையில் அந்த அண்ணனைப் பார்த்தேன், சொன்னேன். "அஸ்திவாரம் நாம போட்டதுல்ல" என்றார், வேறு யாராவது கற்றுக்கொள்ள இருந்தால் அனுப்பச் சொல்லி நம்பரையும் கொடுத்தார்.