வாசகர் கேள்வி: இரண்டு ஸ்கேன், இரண்டு எண்

கேள்வி: அப்பாவுக்கு மூளையில் க்ளையோமா என்ற கட்டி. எஃப்.இ.டி பெட் ஸ்கேனில் கட்டி-பின்னணி விகிதம் (இயல்பான மூளையைவிடக் கட்டி எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்பது) முதலில் 3.8, மூன்று மாதம் கழித்து வேறு மையத்தில் 3.0. கட்டி அடங்கிவிட்டதா?

பதில்: அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டி 4.2 அளவு ட்ரேசரை (ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து; எஃப்.இ.டி ஒரு அமினோ அமில வகை) உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியை அளக்க, படத்தில் எதிர்ப்பக்க மூளையின் வெண்பகுதியில் மட்டும் சிறு வட்டம் போட்டால் பின்னணி 1.1, விகிதம் 3.8. சாம்பல் பகுதியும் சேர்ந்தால் பின்னணி 1.4, விகிதம் 3.0. கட்டி இம்மியும் மாறவில்லை! இதனால்தான் ஐரோப்பிய, அமெரிக்க அணு மருத்துவச் சங்கங்களும் நரம்புப் புற்றுநோய் அமைப்புகளும் சேர்ந்து 2019-ல் தந்த வழிகாட்டி, எதிர்ப்பக்கத்தில் இரு பகுதிகளும் அடங்கும்படி பிறை வடிவில் பெரிதாக வரையச் சொல்கிறது.

அடுத்தது நேரம். எஃப்.இ.டி-க்குப் படம், ஊசி போட்ட 20-லிருந்து 40 நிமிடத்துக்குள். வீரியமான கட்டிகளில் ட்ரேசர் சீக்கிரம் உச்சம் தொட்டு இறங்கிவிடும். தாமதமாகப் படம் எடுத்தால் விகிதம் குறைந்தே தெரியும். நல்ல செய்தி போல ஏமாற்றும். மாத்திரை, ஊசி எல்லாம் சரியாக இருந்தும் வலிப்பு வந்த நாளில் எடுத்தால் எதிர்மாறாக, மூளைப் புறணி ட்ரேசரை அதிகம் இழுத்துக் குழப்பும்.

சாப்பாடு? குறைந்தது 4 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். உணவின் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் ட்ரேசரோடு ஒரே வாசலில் முட்டிமோதும். இட்லிதானே என்று நினைக்காதீர்கள், உளுந்தும் புரதம்தான்.

கருவியின் அளவீட்டுப் பிழையோ கடிகாரப் பிழையோ விகிதத்தை அவ்வளவாகப் பாதிக்காது; கட்டிக்கும் பின்னணிக்கும் பொதுவாக இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப்போகும். எஸ்.யு.வி எண்ணில் (கட்டி உறிஞ்சிய அளவை, ஏற்றிய மருந்தையும் உடல் எடையையும் வைத்துச் சொல்வது) அடிபடாது: ட்ரேசரில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம், 10 நிமிடம் தவறினால் சுமார் 6 சதவீதம் போச்சு. ஆனால் படத்தை உருவாக்கும் மென்பொருள் அமைப்பு மாறினால் விகிதமும் மாறும். உச்சப் புள்ளியை மட்டும் எடுத்த விகிதம்தான் அதில் அதிகம் ஆடும்.

அறிக்கைத் தாள் போதாது. இரு மையங்களிலும் டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூலக் கோப்புகள்) உள்ள சிடி வாங்கி, ஒரே மருத்துவரிடம், ஒரே பின்னணி முறையில் இரண்டையும் மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ-யும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எஃப்-டோபா என்ற வேறு ட்ரேசரில் எடுக்கும் ஸ்கேனுக்கும் இதே எண்கள்தானா?

பதில்: இல்லை. எஃப்.இ.டி-யில் கட்டிப் பகுதியைப் பிரித்துக் குறிக்கப் பயன்படும் 1.6 என்ற விகித எல்லையை எஃப்-டோபாவில் போடக்கூடாது. எஃப்-டோபாவில் மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இயல்பாகவே ஒளிரும். பக்கத்தில் கட்டி இருந்தால் அந்த ஒளியில் மறைந்துபோகலாம். ஒருமுறை எந்த ட்ரேசரில் தொடங்கினீர்களோ, அதிலேயே தொடருங்கள்.