முன்பணம் கேட்கும் முகவரிடம் படத்தை ஒப்படைக்கலாமா?

கேள்வி: தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் குடும்பத் துயரம் அம்பலமாக்கப்பட்ட ஒரு பெண்ணின் உண்மைக் கதையைக் குறைந்த முதலீட்டில் படமாக்கியுள்ளேன். ஓடிடி தளங்களில் விற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர், முன்பணமும் 15 ஆண்டு உலக உரிமையும் கேட்கிறார். கையெழுத்திடலாமா?

பதில்: கூடாது. விற்பனை முகவர் விற்ற தொகையில் கமிஷன் எடுப்பவர். விற்பதற்கு முன்பே பணம் வாங்கிவிட்டவருக்கு விற்றாக வேண்டிய அவசியமே இருக்காது.

ஒப்பந்தத்தில் கமிஷனைவிட ஆபத்தானது, 'விளம்பரம், திரைப்படச் சந்தைப் பயணம் உள்ளிட்ட செலவுகள் முதலில் கழிக்கப்படும்' என்ற வரி. அதற்கு உச்சவரம்பு எழுதப்படாவிட்டால், 100 ரூபாய்க்கு விற்ற படத்தில் கமிஷன் 20, செலவு 80 என்று கணக்குக் காட்டிவிடுவார்கள். அவர் கையிலுள்ள மற்றப் படங்களின் செலவும் உங்கள் தலையில்தான் விழும். உச்சவரம்பை எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சை நீட்டிக்காதீர்கள். உரிமைக் காலத்தைச் சில ஆண்டுகளாகச் சுருக்குங்கள். குறித்த காலத்துக்குள் விற்காத நாடுகளின் உரிமை உங்களிடமே திரும்ப வேண்டும்.

முன்பணத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. படக்கோப்பையும் சப்டைட்டிலையும் தளத்தின் தொழில்நுட்ப அளவுக்கேற்பச் சரிசெய்து ஏற்றித் தரும் அக்ரிகேட்டர் நிறுவனம் கட்டணம் வாங்குவது முறைதான். அது செய்த வேலைக்கான கூலி, உரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் தளம் தரும் வருவாய் அந்நிறுவனத்தின் கணக்கு வழியாகவே வருமென்றால் எச்சரிக்கை தேவை. 2019இல் அமெரிக்காவின் டிஸ்ட்ரிப்பர் என்ற அக்ரிகேட்டர் நிறுவனம் நொடித்தபோது, சுயாதீனப் படைப்பாளர்கள் பலரின் பணம் அதில் மாட்டிக்கொண்டது. ஆகவே கட்டணம் வேலைக்கு மட்டும்தானா, வருவாய் யார் கணக்கில் விழும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் முகவர் பணம், உரிமை இரண்டையுமே கேட்பதால் இந்த விதிவிலக்கு அவருக்குப் பொருந்தாது.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றியிருந்தாலும், அறிந்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டால் வழக்குக்கு இடமுண்டு. நிகழ்ச்சியின் காட்சித் துண்டு எதையும் சேர்த்திருந்தால் நீக்கிவிட்டு நடிகர்களை வைத்து மீண்டும் எடுங்கள். அதன் பதிப்புரிமை உங்களுடையதன்று. அவருடைய கண்ணீரை ஒளிபரப்பிச் சம்பாதித்தவர்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அதைக் கண்ணியமாகச் சொல்ல முனையும் சிறு படைப்பாளியிடம் மட்டும் ஒவ்வொரு காகிதத்தையும் கேட்கிறது இந்த அமைப்பு என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை. ஆயினும் அந்தப் பெண்ணிடம் எழுத்துவழி ஒப்புதல் பெறுங்கள். அவருக்குப் புரியும் மொழியில், படத்தின் வருவாயில் அவருக்குரிய பங்கைக் குறிப்பிட்டு, வெளியீட்டுக்கு முன் முழுப் படத்தையும் அவர் பார்க்கும் உரிமையோடு அது அமைய வேண்டும்.