அது அந்த இயக்கம் இல்லை, அக்கா

போன சனிக்கிழமை விசுவமடுவில் இருந்து ஒரு தாயும் மகளும் என்னிடம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். உயர்தரம், கலைப்பிரிவு, ஒரு ஏ, இரண்டு பி. சந்தோசமாக வரவேண்டிய பெறுபேறு. தாயோ பிள்ளையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதிரையின் நுனியில் இருந்தபடி கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சேர், இவள் இயக்கத்தைப் பற்றிப் படிக்கப் போறாளாம்."

வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான், விடுதலைப் புலிகள். பிள்ளை சொன்னது 'சமூக இயக்கங்கள்'. முன்னால் நின்ற சொல் தாயின் காதில் ஏறவே இல்லை. 2009 இல் இறுதி யுத்தத்தில் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளனில் இருந்து வெளியே வந்தவருக்கு ஏறாததில் ஆச்சரியம் என்ன?

அது அந்த இயக்கம் இல்லை, அக்கா என்றேன். சனம் ஏன் ஒன்றுகூடுகிறது, எப்போது பெட்டிசம் எழுதுகிறது, எப்போது வீதியை மறிக்கிறது, எந்த இடத்தில் கல்லும் பொல்லும் வருகின்றன, எந்த இடத்தில் வராமலே போகின்றன என்று ஆராய்கிற சமூகவியல். கொஞ்சம் மூச்சு விட்டார். ஆனால் உடனே கனடாத் தம்பியின் வட்ஸ்அப் குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் பிரித்தானியச் சட்டப் பட்டம், மூன்று வருடம், 28 இலட்சம். பாதியை அவர் தருவாராம், மீதிக்கு வயலை ஈடு வைக்கட்டுமாம். "எங்கட பரம்பரையில ஒரு லோயர் வேணும்."

அத்தோடு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். இதே மாதிரிக் குரல்பதிவு கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனை போனில் கிடக்கிறதோ, அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் காசு. அந்த 28 இலட்சத்தோடு கணக்கு முடியாது. வெளிநாட்டு எல்எல்பியைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே கோர்ட்டில் ஏற முடியாது, அதன் பிறகும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் இருக்கின்றன, பயிற்சிக் காலம் இருக்கிறது, அத்தனை காலமும் கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு. மாமா தருகிற பாதி அவருக்கு அங்கே வேலை இருக்கும்வரைதான். மற்றப் பாதிக்குப் போவது இரண்டு ஏக்கர் வயல், மழையும் குளமும் கைகொடுத்தால் வருடச் சோற்றுக்கு வழி காட்டுவது. வயலை வைக்காதீர்கள். இதில் நான் இரண்டாம் பேச்சுக் கேட்கப் போவதில்லை. பிள்ளைக்குச் சட்டத்தில் உயிர் என்றாலாவது இருந்து கதைக்கலாம், அவள் அந்தச் சொல்லையே எடுக்கவில்லை.

சரி, அவளுக்கு எதில் உயிர்? உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். பையில் இருந்து ஒரு சீஆர் கொப்பியை எடுத்தாள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டமாக இருந்தார்கள் அல்லவா, அவளுடைய அம்மம்மாவும் அதில் ஒருவர். சின்னவளாகத் துணைக்குப் போய்வந்தவள் பிறகு எழுதத் தொடங்கியிருக்கிறாள். இன்றைக்கு யார் வந்தது, யார் யாரோடு வந்தது, எந்த பஸ், தேநீர் போட்டது யார், வராதவரை யார் போய்ப் பார்த்தது. ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி: "தனிய வந்த ஆக்கள் மூண்டு கிழமைக்குள்ள வாறதை நிப்பாட்டிட்டினம், பக்கத்து வீட்டோட வந்தவை நிப்பாட்டேல்லை."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1964 இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவதற்கு வட மாநில மாணவர்கள் விண்ணப்பித்தார்கள். சிலர் போனார்கள், சிலர் கடைசியில் பின்வாங்கினார்கள். டக் மக்அடம் என்ற சமூகவியலாளர் பழைய விண்ணப்பப் படிவங்களைத் தேடி எடுத்து இரு பகுதியினரையும் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. போகிற இன்னொருவரைத் தெரிந்திருந்தவர்கள்தான் கூடுதலாகப் போனார்கள். எங்கள் பிள்ளை இதை ஒரு தகரக் கொட்டிலுக்குள் இருந்து தானாகக் கண்டிருக்கிறாள். இவளைக் கொண்டுபோய் ஒப்பந்தச் சட்டம் பாடமாக்கச் சொல்கிறார் மாமா.

ரீச்சர், தாதி, கணக்கியல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதைச் சொல்ல நான் தேவையில்லை. யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ கலைப்பீடம், முதல் வருடத்தில் சமூகவியலை ஒரு பாடமாக எடுத்து, நல்ல பெறுபேறு வாங்கி, நான்கு வருடச் சிறப்புக் கற்கைக்குப் போவது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொலப் புலமைப்பரிசிலோ பேசரி உதவித்தொகையோ கிடைத்தால் கைச்செலவின் ஒரு பகுதிக்கு ஆகும். மூன்று வருடப் பொதுப்பட்டத்தோடு நிற்க வேண்டாம். சிறப்புக் கற்கையில்தான் ஆய்வு முறையும், சொந்தமாகக் களத்தில் இறங்கி எழுதுகிற ஆய்வுக்கட்டுரையும் இருக்கின்றன, இவளுக்கு வேண்டியது அது.

என்னத்தைப் படிப்பாள்? ஒரு கைத்தொழிலைச் சொல்கிறேன். சார்ள்ஸ் டில்லி என்ற ஆய்வாளரின் குழு 1758 முதல் 1834 வரையான பிரித்தானியப் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பிரித்து 8,000க்கும் மேற்பட்ட மக்கள் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பதிந்தது. திகதி, இடம், எத்தனை பேர், யார் கூப்பிட்டது, என்ன கேட்டார்கள், என்ன செய்தார்கள், அதிகாரிகள் என்ன செய்தார்கள். அதில் தெரிந்தது, ஆரம்பத்தில் உள்ளூரில் ஒருவர் வீட்டை உடைத்தும் கொடும்பாவி எரித்தும் கோபம் காட்டிய சனம், போகப் போகக் கூட்டம், ஊர்வலம், மனு என்று மாறியது. சனத்துக்குக் கைவந்த போராட்ட முறைகள் எந்த ஒரு காலத்திலும் சிலதான். எங்களுக்குச் சத்தியாக்கிரகம், ஹர்த்தால், கோயில் வாசலில் தேங்காய் உடைப்பது மாதிரி. சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகம் உலகத்து ஆயுத மோதல்களை இப்படித்தான் செய்தி செய்தியாகப் பதிகிறது, வருடத்தில் 25 மோதல் மரணங்கள் என்பது அவர்களின் அளவுகோல். இந்தப் பதிவு வேலைக்குச் சம்பளம் உண்டு. தமிழ்ப் பத்திரிகையையும் சிங்களப் பத்திரிகையையும் ஒரே மேசையில் வைத்து வாசித்துப் பதியக்கூடிய ஆட்கள் மிகக் குறைவு. நூலகம் இணையத்தளத்தில் பழைய ஈழத்துப் பத்திரிகைகள் காசில்லாமல் வாசிக்கக் கிடக்கின்றன, நாளைக்கே பழகத் தொடங்கலாம்.

கேள்விகளும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. அதே 2017 இல் முல்லைத்தீவு கேப்பாப்புலவில் பெண்கள் தங்கள் காணிகளைக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் இருந்தார்கள், ஒரு மாதத்தில் பிலவுக்குடியிருப்புக் காணிகள் விடுபட்டன. கந்தசுவாமி கோயிலடியில் வருடக்கணக்கு. ஒரே வருடம், அதே மாதிரித் தாய்மார். காணியைத் திறந்து விடலாம், மற்றது பதிலைக் கேட்கிறது, அதுவா காரணம்? நுண்கடன் அறவிட வருபவர் இரவு எட்டு மணிவரை வாசலில் இருந்தால் அது வன்முறையா இல்லையா? ஒருவரும் அடிக்காமலே அமைப்பே ஆளை நசுக்குவதற்கு ஜோஹான் கல்டுங் 1969 இல் கட்டமைப்பு வன்முறை என்று பெயர் வைத்தார். இதைச் சொன்னதும் தாய் முதல்முறையாகக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாமாவுக்குப் பெரிய பெயர் வேண்டுமென்றால் ஸ்டான்லி தம்பையாவைச் சொல்லுங்கள். எங்கள் நாட்டுத் தமிழர், மானிடவியலாளர், 1956 இல் கிழக்கில் கல்லோயாக் குடியேற்றத்தில் மாணவர்களோடு கள ஆய்வில் நின்றபோது தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. பிறகு கூட்ட வன்முறையைப் பற்றி எழுதினார், ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார்.

இனி கசப்பானது. பட்டத்தை வாங்கி வீட்டில் வைத்து அரச நியமனத்துக்குக் காத்திருந்தால் கஷ்டம்தான். வேலையற்ற பட்டதாரிகளும் 2017 இல் யாழ் செயலகத்துக்கு முன்னால் இருந்தார்கள். (அதுவும் ஒரு சமூக இயக்கம்தான், அவளுக்கு இன்னொரு கொப்பி.) ஆகவே முதல் வருடத்தில் இருந்தே ஆங்கிலமும் சிங்களமும். முடிந்ததும் ஆய்வு உதவியாளர் வேலை, இரண்டு மூன்று வருடம். அதன் பிறகு டெல்லியில் சார்க் நாடுகளின் தென்னாசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுமாணி இருக்கிறது. உப்சாலா, பிராட்போர்ட் போன்ற இடங்களுக்கு முழுச் செலவோடு அனுப்பும் ரோட்டரி சமாதானப் புலமைப்பரிசில் இருக்கிறது, அதற்கு வேலை அனுபவம் கேட்பார்கள்.

இதைப் படித்தால் சிஐடி வீட்டுக்கு வருவானா என்று கேட்டீர்கள், அக்கா. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்த நாட்டில் அந்தப் பயத்தை விசர்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் மேற்பார்வையாளரோடு, சம்மதம் கேட்டு, ஆளை அடையாளம் காட்டாமல் எழுதப் பழக்குவார்கள். தனியாகக் கொப்பியில் கிறுக்குவதைவிட அது பாதுகாப்பு.

மாமாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு நல்ல லப்டொப்பும், இரண்டு வருட ஆங்கில வகுப்புக் காசும் கேளுங்கள், மறுக்க மாட்டார். பல்கலைக்கழக விருப்பத்தெரிவுப் படிவத்தைச் சனிக்கிழமை கொண்டு வாருங்கள், எது முதல் எது பிறகு என்ற ஒழுங்கைச் சேர்ந்து போடுவோம். கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முதல் பதினொரு பக்கத்திலும் அம்மம்மாமாரின் முழுப்பெயர்கள் இருக்கின்றன. அ, ஆ, இ என்று மாற்றி எழுதிவிட்டுப் பழைய பக்கங்களை அவளே அடுப்பில் போடட்டும்.